கோல்கொண்டாவில் ஒரு பகல்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். இத்தனை ஆண்டுகளிலும் ஒரு வீட்டின் பிளானில் நான் கடைசியாக வரைந்தது ஜன்னலைத்தான் என்பதை, சென்ற தை மாதம் அலுவலகத்தார் ஐவரும் எங்கள் மேஸ்திரியும் வேன் பிடித்துப் புதுச்சேரிக்குச் சென்று, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை முன் அனுமதியுடன் சுற்றிப் பார்த்த அன்றுதான் உணர்ந்தேன்.

இன்றைய செக் நாட்டில் பிறந்த அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து, ஜார்ஜ் நாகஷிமா உடனிருந்து மேற்பார்த்த அக்கட்டடம் 1930களின் பிற்பகுதியில் எழத் தொடங்கியது. ஐதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாமிடமிருந்து கிடைத்த நன்கொடையே, ஐதராபாத்தை அடுத்த கோல்கொண்டாவின் பெயர் இதற்கு வரக் காரணம்.

வழிகாட்டிய ஆசிரமவாசி தாழ்ந்த குரலிலேயே பேசினார். தெற்கிலும் வடக்கிலும் நாம் சுவர் எழுப்பும் இடத்தில் அங்கே கிடைமட்டப் பட்டைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றைச் சாய்த்துவைத்தால் காற்று வருகிறது, வெயில் வருவதில்லை. அறைக்கும் நடைக்கும் இடையிலுள்ள தேக்குச் சட்டக் கதவுகள் மூடியிருந்தாலும் காற்றைத் தடுப்பதில்லை. தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகள் இரண்டாவது கூரையாக நிற்பதால், சூடு நேரே உள்ளே இறங்குவதில்லை. (அந்தப் பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை, அந்தப் பொருளை இன்று யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.) பூச்சு இல்லாத கான்கிரீட்டைத் தடவிப் பார்த்த மேஸ்திரி, பிறகு பூசி மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் கான்கிரீட்டை வார்க்கும் சென்ட்ரிங் பலகையை இவ்வளவு கவனமாக அடித்திருக்க மாட்டார்கள் என்றார்.

எனக்கோ காட்பாடி வீடு ஒன்று நினைவுக்கு வந்தது. பாறை மலைகள் சூழ்ந்த வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்திருந்தும், உரிமையாளர் விரும்பினார் என்பதற்காக மேற்குச் சுவரில் எட்டடி அகலத்துக்குத் திறக்க முடியாத கண்ணாடியை வரைந்து கொடுத்தேன். அந்த வீட்டின் வயதான அம்மா, பிற்பகலில் கூடத்தில் இருக்க முடியாமல் சமையலறை வாசலில் பாய் விரித்துப் படுத்திருந்ததை ஒருமுறை கண்டேன். மறுத்துச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.

கோல்கொண்டாவில், வேலையைத் தொடங்குமுன் ஓர் அறையை முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் தாளில் வரைந்ததை நேரே கான்கிரீட்டாக்கி, வெக்கையை அதில் குடியிருப்பவர்களிடம் விட்டுவிடுகிறோம். திரும்பும் வழியில் செஞ்சியைக் கடக்கும்வரை வேனில் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

பங்குனியில், விருதம்பட்டில் நடந்த ஒரு வீட்டு வேலையில், சுவர் ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்தை எட்டுமுன்பே மேஸ்திரி தாமாகவே சென்ட்ரிங் பலகைகளை அறுத்து, முழு அளவில் ஒரு பட்டை ஜன்னலைச் செய்து தென்புறத் திறப்பில் நிறுத்திவைத்தார். பகல் இரண்டு மணிக்கு வந்த வீட்டுக்காரர், பட்டைகளைச் சாய்த்தும் நிமிர்த்தியும் வெகுநேரம் அதன் முன்னேயே நின்றார். பிறகு, மாடியறைக்கும் அதையே வரையச் சொன்னார்.