டீச்சர் பேரில் ஒரு சம்பளம்

எங்கள் வாயனசாலை, அதாவது ஊர் நூலகத்தின் சுவரில் ஏற்கெனவே மூன்று போட்டோக்கள் மாலையோடு தொங்குகின்றன. நான்காவதாக, செக்ரட்டரியாக இருந்து மறைந்த டீச்சர் போட்டோவையும் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்றுதான் கமிட்டியில் பாதிப் பேர் நினைத்தார்கள். ஒருவர் இரும்பு பீரோ வாங்கிப் பெயர் எழுதலாம் என்றார். இன்னொருவர் டீச்சர் நினைவாக ஷட்டில் டோர்னமெண்ட் என்றார். ஷட்டில் ஆடுகிறவர்கள் வாசல் விளக்கை எரியவிட்டுப் போவதைப் பற்றி டீச்சர் எழுதிய மினிட்ஸ் மட்டுமே இரண்டு பக்கம் இருக்கிறது!

நான் கேட்டது வேறு. வருஷா வருஷம் கோடை லீவில் காலேஜ் படிக்கிற ஒரு பிள்ளையை எடுத்து, டீச்சர் செய்த வேலையைக் கற்றுக்கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இன்டர்ன்ஷிப் என்றே பெயர் வைப்போம் என்றேன். தையல்காரிக்கு இந்த வார்த்தை எப்படித் தெரியும் என்பது போல இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சரி, பார்க்கட்டும்.

கேரளத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் போகும் வழியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களுக்கு எங்கள் நூலகம் நடக்கும் விதம் புரிவதில்லை. அங்கே கிளை நூலகம் அரசாங்கத்துடையது. இங்கே கிராமத்து வாயனசாலையை ஊர்க்காரர்களே மெம்பராகி, கமிட்டி தேர்ந்தெடுத்து நடத்துகிறோம். கேரள லைப்ரரி கவுன்சில் கிரேடு போட்டு கிராண்ட் கொடுக்கும். கட்டட வரியில் ரூபாய்க்கு 5 பைசா நூலக வரியாகச் சேர்ந்துதான் அந்தப் பணம் வருகிறது. லைப்ரேரியனுக்குச் சின்னதாக ஒரு அலவன்ஸ் உண்டு. செக்ரட்டரிக்கு ஒன்றும் கிடையாது.

தமிழ் மீடியம் பள்ளியில் ரிட்டயர் ஆன கையோடு டீச்சர் செக்ரட்டரி ஆனார். மேடையில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. ஸ்டாக் ரெஜிஸ்டர், இஷ்யூ ரெஜிஸ்டர், பாலவேதி என்ற குழந்தைகள் குழு கூடிய தேதி, வனிதா வேதி என்ற பெண்கள் குழுவுக்கு வந்தவர்கள் கையெழுத்து என்று எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். கிரேடு போட வருகிறவர்கள் கேட்பது இதைத்தான். புத்தக முதுகில் நம்பர் ஒட்டும்போது மட்டும் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் 894.811, மலையாளம் 894.812. "பாரு, சண்டை போட்டாலும் பக்கத்துப் பக்கத்து வீடுதான்" என்பார். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பரம்பிக்குளம் ஆழியாறு தண்ணீர்ப் பேச்சு சூடாக இருக்கிற நாட்களில் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

மத்தியானத்துக்கு மேல் துணிப்பையில் புத்தகம் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவார். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலை முடிந்து வந்த பெண்கள், நடக்க முடியாதவர்கள், இவர்களுக்குத்தான் முதலில். யாருக்கு எது என்று ஒரு நோட்டு வைத்திருந்தார். "மில் வீட்டு அம்மா தனியாக இருக்கிறார், பேய்க்கதை கூடாது." "மேட்டு வீட்டுத் தாத்தாவுக்குப் பெரிய எழுத்து, சாமி கதை என்று சொல்லிக் கொடுத்தால் துப்பறியும் கதையும் படிப்பார்." அந்த நோட்டுதான் இப்போது வருகிற பிள்ளைக்குப் பாடப்புத்தகம்.

சம்பளம் என்றதும்தான் கமிட்டியில் சத்தம் வந்தது. மூத்த மெம்பர் ஒருவர், "பி.என். பணிக்கர் காசுக்காகவா செய்தார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 1945இல் 47 நூலகங்களோடு திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தொடங்கி, கேரளம் முழுக்க ஊர் ஊராகப் போய் வளர்த்தவர். அவர் மறைந்த ஜூன் 19தான் நமக்கு வாசிப்பு நாள். ஆனால் அவரும் வாத்தியார், நம் டீச்சரும் வாத்தியார். டீச்சருக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். அதனால் சேவை செய்ய முடிந்தது. லீவில் பொள்ளாச்சித் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற பிள்ளையிடம் சும்மா வந்து செய் என்றால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் வரும். என் மகளையே அனுப்பியிருக்க மாட்டேன். இதைச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவரே ஐயாயிரம் கொண்டுவந்து கொடுத்தார்.

டீச்சருடைய மகளும் பழைய மாணவர்களும் கொடுத்ததை கோ-ஆபரேட்டிவ் பேங்கில் போட்டிருக்கிறோம். வட்டி போதாது, குறைகிறதை வசூல் செய்கிறோம்.

முதலில் வந்தவள் சித்தூர் அரசு கல்லூரியில் தமிழ் படிக்கிற பெண். குழந்தைகளுக்குக் கதை சொல்ல அவளுக்கு வரவில்லை, குரலே எழும்பாது. ஆனால் ரெஜிஸ்டரில் இருந்து அலமாரியில் இல்லாத புத்தகங்களைப் பட்டியல் போட்டு, வீடு வீடாகப் போய்ப் பாதியை மீட்டுவிட்டாள். அரசு வேலைக்கான கேரள பி.எஸ்.சி. தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தமிழ்க் கேள்வித்தாள் கேட்டு வாங்கும் வழியை எழுதி ஒட்டினாள். அப்புறம் அட்டைப் படங்களை வாட்ஸப்பில் அனுப்பி, "எது வேணுங்கக்கா?" என்று கேட்க ஆரம்பித்தாள். பெண்கள் நிறையவே எடுத்தார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. பளபளப்பான அட்டைதான் போகிறது, பைண்டு செய்த பழைய நாவல் அப்படியே கிடக்கிறது. டீச்சர் பையில் அடியில் வைத்து நைசாகத் தள்ளிவிடுகிற புத்தகங்கள் அவை. அதனால் வாட்ஸப்பில் கேட்டது ஒன்று, நாம் தேர்ந்து கொடுப்பது ஒன்று என்று வைத்திருக்கிறோம்.

அடுத்த லீவுக்கு ஆள் எடுக்கப் போகிறோம். ஏப்ரல், மே இரண்டு மாதம். சம்பளத்தின் கடைசித் தவணை ஜூன் 19 அன்று. தமிழும் மலையாளமும் எழுத்துக்கூட்டியாவது படிக்கத் தெரிய வேண்டும். மார்க் ஷீட் வேண்டாம். பாதியில் மூடி வைத்த ஒரு புத்தகத்தைப் பற்றி, ஏன் மூடினோம் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும். வாயனசாலையில் சைக்கிள் இருக்கிறது, பிரேக் கட்டைதான் மாற்ற வேண்டும்.