தக்காளிக்கு அடியுரம்: டிஏபியா, சூப்பரா?

ரகத் தக்காளிக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையை ஏக்கருக்கு மாற்றினால், 10 டன் தொழுவுரம், யூரியா 65 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 250 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ அடியுரம். நட்ட 30ஆம் நாள் மண் அணைக்கும்போது இன்னொரு 65 கிலோ யூரியா. வீரிய ஒட்டு ரகத்துக்குக் கணக்கே வேறு.

இவ்வளவு சூப்பரைத் தூக்கிச் சுமக்கச் சோம்பல்பட்டுப் பலர் டிஏபிக்கு (டை அம்மோனியம் பாஸ்பேட்; மணிச்சத்தோடு தழைச்சத்தும் உள்ள உரம்) போகிறார்கள். மணிச்சத்துக்கு 87 கிலோ போதும்தான். ஆனால் சூப்பரோடு வரும் சுண்ணாம்பும் கந்தகமும் அதில் இல்லை. டிஏபிதான் என்றால் அடியுர யூரியாவில் 34 கிலோ குறையுங்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி புதராகும், காய் பிடிக்காது.

காயின் அடி கறுத்தால் சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போகவில்லை. பெரும்பாலும் காரணம் காய்ச்சலும் பாய்ச்சலுமான தண்ணீர். சொட்டுநீரில் கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து உரத்தோடு ஒரே தொட்டியில் கரைக்காதீர்கள். படிந்து சொட்டுவான் அடைக்கும்.