கல் சுடுவதற்குள்

19.1.2025, ஞாயிறு

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி, சமணர் மலை. அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் வண்டியை நிறுத்தும்போது மணி 6.20. தாமரைக் குளம் வரைக்கும் கண் போகிறது, அதற்கு அப்பால் பால் கொட்டின மாதிரி. தை பிறந்தும் பனி விடவில்லை.

பாறையில் வெட்டின படிகள். ஒன்றின் உயரம் இன்னொன்றுக்கு இல்லை. ஒன்று நாலு விரற்கடை, அடுத்தது பாதி முழங்கால். ஏறுகிறவருக்கு இது உறைக்காது. கம்பிப்பிடி இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் கைக்கு எட்டுகிற பக்கத்தில் இல்லை. பேச்சிப்பள்ளம் வரை நிதானமாக 18 நிமிடம். நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினதையும் சேர்த்துத்தான்.

பேச்சிப்பள்ளத்தில் பாறை முகத்தில் எட்டுச் சிற்பங்கள் வரிசையாக. பாகுபலியின் காலில் சுற்றின கொடி, பார்சுவநாதர் தலைக்கு மேல் நாகம். கீழே வட்டெழுத்து, பழைய தமிழ் எழுத்து. பக்கத்திலேயே சுனை. பார்க்கத் தெளிவாக இருக்கும், குடிக்கக் கூடாது.

அதற்கு மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்கிற சமணப் பள்ளியின் அடித்தளக் கற்கள். பராந்தக வீரநாராயண பாண்டியன் காலம், 9ஆம் நூற்றாண்டு. காட்சி என்று கேட்டால் இந்த இடம்தான். பனி விலகினது 7.50க்கு. முதலில் நாகமலையின் முதுகு, பிறகு பசுமலை, கடைசியில் ஊருக்கு அந்தப்பக்கம் யானைமலை படுத்த யானையாகவே. மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால், பாம்பையும் பசுவையும் யானையையும் சமணர்கள் மதுரைமேல் ஏவினார்கள் என்கிற கதையை யார், எங்கே நின்று கட்டியிருப்பார் என்று புரிந்துவிடும்.

படம் எடுக்கிறவர்களுக்கு: காலையில் நாகமலைதான் வெளிச்சத்தில் இருக்கும். மதுரை கிழக்கே, வெயிலுக்கு நேர் எதிர், வெறும் நிழலாக விழும். ஊர் வேண்டுமென்றால் சாயங்காலம் வரவேண்டும். ஆனால் சாயங்காலம் கல் சுடும்.

இறங்க 24 நிமிடம். ஏறினதைவிட ஆறு அதிகம்.

20.1.2025

அத்தையை மலைக்கு அழைத்திருக்கிறேன். முழங்கால் வலிக்காரி. பதில் வரவில்லை.

22.1.2025, புதன்

அந்த ஆறு நிமிடம் மனசை விட்டுப் போகவில்லை.

சின்ன மலை என்று ஏறுகிறவர்களில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். காரணம் சறுக்கலான பாறை இல்லை, பாறைமேல் கிடக்கிற பருமணல். காய்ந்த சரிவில் ஒரு பிடி மணல் கிடந்தால் போதும், செருப்புக்கு அடியில் கேழ்வரகு கொட்டின மாதிரி உருளும். அடுத்தது பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பது. சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், பாதத்தின் முன்பாதி பிடியை விட்டுவிடும், உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டு போகவேண்டியதுதான். முழங்காலை லேசாக மடக்கி, பாதம் முழுக்கப் பதிய, சின்ன எட்டு. நேராக இறங்காமல் குறுக்கே, வண்டிமாடு மேடு இறங்குகிற மாதிரி.

முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரே விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். தடி வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். இறங்கும்போது தடி கொஞ்சம் கூடுதல் நீளமாக இருந்தால்தான் குனியாமல் ஊன்ற முடியும். நீளம் மாறாத மூங்கில் தடி என்றால் நீளமானதையே எடுத்து, ஏறும்போது நடுவில் பிடித்துக்கொள்ளலாம்.

ஹவாய் செருப்பு வேண்டாம். பாதி வழியில் வார் பிய்ந்துகொண்டால் மிச்சம் வெறுங்கால்தான்.

24.1.2025, வெள்ளி

அரிட்டாபட்டி. மேலூர்ப் பக்கம், மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர் சுமார். இங்கே வரவிருந்த டங்ஸ்டன் சுரங்கத்தின் ஏலம் ரத்து என்று நேற்றுத்தான் அறிவிப்பு. டீக்கடையில் கிளாஸ் வைக்கிற சத்தமே இன்று வேறு மாதிரி.

மலையேற்றம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், அவ்வளவு எளிது. கழிஞ்சமலையின் குடைவரைச் சிவன் கோயிலுக்கு அடிவாரத்தை ஒட்டியே நடை. பாண்டியர் காலம், 8ஆம் நூற்றாண்டு. அங்கே கையில் தண்டத்தோடு உட்கார்ந்திருக்கிற லகுலீசர், சிவனின் ஒரு வடிவம், தமிழ்நாட்டில் அபூர்வம். பார்க்காமல் வந்துவிடக் கூடாது. சமணத் துறவிகளின் கற்படுக்கைக்குப் போக மட்டும் கொஞ்சம் ஏறவேண்டும். தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்தில் வெட்டின கல்வெட்டு தலைக்கு மேலே பாறை நெற்றியில் இருக்கிறது. எல்லாரும் படுக்கையைக் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது இந்த ஊரைத்தான். லகர் வல்லூறு என்கிற வேட்டைப் பறவை இங்கே இருக்கிறது. தை, மாசி அதற்குக் கூடு கட்டுகிற காலம். செங்குத்துப் பாறைக்கு நேர் கீழே நின்று கைதட்டி எதிரொலி கேட்கிற விளையாட்டு இந்த இரண்டு மாதமும் கூடாது. ட்ரோன் கூடவே கூடாது.

மேலேயிருந்து கண்மாய்த் தண்ணீர், நெல், பனை. காட்சி அகலம் குறைவு, பச்சை அதிகம்.

அத்தைக்கு இது பிடிக்கும். ஆனால் உயரம் போதாது என்பாள்.

26.1.2025

விடுமுறை. பெரிய பெரிய ஸ்பீக்கரோடு வந்திருக்கிறார்கள். 7 மணிக்கே திரும்பியாயிற்று.

29.1.2025, புதன்

தை அமாவாசை. அழகர்கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதே. நூபுரகங்கையில் குளிக்கிற கூட்டம் மலைப்பாதை வரை நிற்கும்.

1.2.2025, சனி

அழகர்மலை. பதினெட்டாம்படிக் கருப்பனிடமிருந்து பழமுதிர்சோலை வழியாக நூபுரகங்கை வரை தார்ச்சாலை. சுமார் நாலு கிலோமீட்டர், முழுக்க ஏற்றம், ஆனால் படி இல்லை. முழங்காலுக்குப் படியைவிடச் சரிவுச் சாலை மேல், அதுவும் இறங்கும்போது. முடியவில்லை என்றால் வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்கிற தைரியம் வேறு எந்த மலையிலும் கிடையாது. வழி நெடுக மரநிழல், பத்தரை மணிக்குக்கூட நடக்க முடிந்தது.

குறை இரண்டு. மரம் இருப்பதால் காட்சி இல்லை, வளைவுகளில் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் திறக்கும். இரண்டாவது குரங்கு. அதற்குத் தெரிந்த ஒரே சத்தம் பாலித்தீன் பையின் சரசரப்பு. துணிப்பையில் கட்டி, அதை முதுகுப் பைக்குள் வைத்து, தண்ணீர் பாட்டிலையும் உள்ளேயே போட்டுவிட வேண்டும். வாழைப்பழம், தேங்காய்மூடி கையில் வேண்டாம். பிடுங்க வந்தால் இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடு. இழுக்கிற கையில்தான் கடி விழும்.

5.2.2025

அத்தை ஏறலாம் என்றாராம் டாக்டர். இறங்குவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

8.2.2025, சனி

யானைமலை. ஒத்தக்கடையில் இறங்கி நரசிங்கம் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ கிடைக்கும். குடைவரை நரசிம்மர் கோயிலின் கல்வெட்டில் கலி ஆண்டு 3871 என்று இருக்கிறது, கி.பி. 770. பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி குடைந்தது, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து முடித்தது. கொஞ்ச தூரத்தில் லாடன் கோயில், முருகனும் தேவசேனையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து.

கீழே இருக்கிற இந்த இரண்டும் யாருக்கும் எளிது. சமணச் சிற்பங்களும் படுக்கைகளும் பார்க்க மேலே போகவேண்டும். பாறை ஒரே கல், வழவழப்பு. தண்ணீர் வழிந்த தடம் கறுப்புக் கோடாகத் தெரியும். காய்ந்திருந்தால் அதுவும் பாறைதான், ஈரமிருந்தால் பாசி. கறுப்பில் கால் வைக்காதே என்று குழந்தைகளுக்குச் சொன்னால் விளையாட்டு மாதிரி எடுத்துக்கொண்டு கேட்கிறார்கள்.

உச்சி வழியாக முழு முதுகையும் கடக்கிறோம் என்று சிலர் கிளம்புகிறார்கள். உள்ளூர் ஆள் இல்லாமல் அது முட்டாள்தனம். மேலே நிழல் கிடையாது, எங்கே நின்றாலும் சரிவு ஒரே மாதிரி தெரியும். வந்த வழி என்று நினைத்து இறங்கினால் செங்குத்தில் போய் நிற்கவேண்டியிருக்கும்.

மலைத்தேனீ. கூடு பாறை விளிம்புக்கு அடியில் கறுப்புச் சாக்குத் தொங்குகிற மாதிரி. அகர்பத்தி, பீடி, வாசனைத் தைலம், கல்லெறி, எதுவும் ஆகாது. ஒன்று கொட்டினால் அந்த வாசத்துக்கே மற்றவை வரும். அடித்து நசுக்காமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓடவேண்டும். சுனையில் குதிப்பதெல்லாம் சினிமா. மேலே வரும்வரை காத்திருக்கும்.

காட்சி பிரமாதம். வேளாண் கல்லூரி வயல்கள், உயர் நீதிமன்றக் கட்டடம், மேலூர் ரோடு நூல் பிடித்த மாதிரி. 2010இல் இந்த மலையைச் சிற்ப நகரம் ஆக்கப் போகிறோம் என்றபோது ஊரே எதிர்த்து நின்றது. மேலே வந்து ஒரு தடவை பார்த்தால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அத்தைக்கு வேண்டாம். கீழ்க்கோயில் மட்டும்.

11.2.2025

தைப்பூசம். எந்த மலையிலும் இடமில்லை.

13.2.2025, வியாழன்

சமணர் மலையில் இன்று வேலை ஒன்றே ஒன்றுதான். புறங்கையைப் பாறையில் வைத்து ஐந்து எண்ணுவது. 8 மணிக்குச் சில்லிப்பு. 9க்கு இதம். 9.40க்கு எண்ணி முடிக்க முடிந்தது, ஆனால் பிடிக்கவில்லை. 10.15க்கு மூன்றோடு கை எடுத்தாயிற்று. ஐந்து எண்ண முடியாத கல்லில் வெறுங்கால் நிற்காது.

சாயங்காலம் மறுபடி. 5 மணிக்குக் காற்று குளிர்ந்துவிட்டது, கல் குளிரவில்லை. பகல் முழுக்க வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் ஏறலாம் என்று சொல்கிறவர்கள் மண்மலைக்காரர்களாக இருக்கவேண்டும்.

ஆக ஒன்பதுக்கு எல்லாரும் கீழே. ஒன்பதே காலுக்கு இல்லை.

கோயில் எல்லையில் செருப்பைக் கழற்றவேண்டிய இடங்களுக்குத் தடித்த பருத்திக் காலுறை ஒரு ஜோடி. நைலான் வழுக்கும்.

தண்ணீர்: தையில் ஆளுக்கு அரை லிட்டர் போதும். மாசி பாதிக்கு மேல் ஒரு லிட்டர். ஏறுவதற்கு முன்பே கால் லிட்டர் குடித்துவிடு. கடலைமிட்டாய் இரண்டு, உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் ஒரு சின்ன பாட்டில்.

16.2.2025, ஞாயிறு

கீழவளவு, பஞ்சபாண்டவர் மலை. ரோட்டிலிருந்து மூச்சு வாங்குவதற்குள் மேலே. குண்டுப் பாறைக்கு அடியில் படுக்கைகள். இங்கேயுள்ள தமிழிக் கல்வெட்டு தலைகீழாக வெட்டியது. வருகிறவர்கள் எல்லாரும் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பதும் ஒரு காட்சிதான். போனில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் வேலை முடிந்தது.

சுற்றிலும் அறுத்த மலைகள். கிரானைட் வெட்டி எடுத்த குழியில் பச்சைத் தண்ணீர், சுவர் மாதிரி செங்குத்து. ஓரத்தில் நிற்கக் கூடாது, இறங்கவே கூடாது. நல்ல காட்சியா என்று கேட்டால் என்ன சொல்வது? பார்க்கவேண்டிய காட்சி.

19.2.2025

மாங்குளம், மீனாட்சிபுரம். நெடுஞ்செழியன் பேர் இருக்கிற கல்வெட்டு, தமிழ் எழுத்தின் தொடக்கப் பக்கம். ஆனால் ஏற்றம் நீளம், முள், குலுங்கு கல். பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று.

20.2.2025, வியாழன்

அத்தையிடமிருந்து போன் வந்துவிட்டது. சனிக்கிழமை.

சமணர் மலைதான். ஆனால் மேலே வரை இல்லை. 6.15க்கு அடிவாரம். முதலில் தென்மேற்கில் செட்டிப்புடவு. ஏற்றம் குறைவு, மலை மறைப்பதால் காலையில் நிழல். உள்ளே பெரிய தீர்த்தங்கரர். நீண்ட காதைப் பார்த்து ஊரார் செட்டியார் என்றார்கள், குகைக்கு அதுவே பேர். உள்ளே மேலே பார்த்தால் சிங்கத்தின்மேல் உட்கார்ந்து யானைக்காரனோடு சண்டை போடுகிற இயக்கி, சமணப் பெண் தெய்வம். அங்கே அத்தையின் கால் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். சரி என்றால் திரும்பி வந்து 7 மணிக்குப் பேச்சிப்பள்ளம் படி. அவளுக்கு 30 நிமிடம். 8.05க்கு இறங்க ஆரம்பிக்கவேண்டும், 45 நிமிடம். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

அந்தப் பத்து நிமிடத்தைப் போட்டோவுக்குக் கொடுக்கமாட்டேன்.

21.2.2025

கம்பிப்பிடி இல்லாத படிகளை மறுபடி போய் எண்ணியாயிற்று. ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு. உயரமான ஆறு படிகளுக்கு முன்னால் நான் கீழ்ப்படியில் நிற்கவேண்டும், பின்னால் இல்லை. விழுகிற பக்கம் முன்பக்கம்.

இரவு 11.40. தூறல் சத்தம் மாதிரி. பாசி.

22.2.2025, சனி

4.50. வாசலில் தரை காய்ந்திருக்கிறது. அங்கே எப்படியோ. காலுறை இரண்டு ஜோடி, நீளத் தடி, தண்ணீர்