எங்கள் கோத்தகிரி அத்தை

மார்பகப் புற்றுநோய் எங்கள் அத்தையைக் கொண்டுபோய்விட்டது. கொழுந்து பறித்த கூலியில் என்னைப் படிக்க வைத்தவர். கட்டி இருப்பது தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டார். இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

கீமோ முடிந்து கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலை ஏறும்போது, வளைவுக்கு வளைவு குமட்டும். அதை அடக்கிக்கொண்டு, “நீ சாப்பிட்டியாடா?” என்பார். அத்தை என்றால் அதுதான். வேறு எப்படிச் சொல்வது?

அக்கா, தங்கச்சிகளே, கட்டியோ, காம்பில் கசிவோ, தோலில் சுருக்கமோ தெரிந்தால் மறைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். நாளைக்கு அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.