429 ஓட்டுக் கணக்கு

"ஏம்மா, எம்.பி. சாகவும் இல்லை, ராஜினாமாவும் பண்ணலை. அப்புறம் எதுக்கு இடைத்தேர்தல்?" ஆசிரியர் போனில் கேட்டதும் திக்கென்றது. ஒரு சிறுபத்திரிகைக்காக, 1908இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் வடமேற்குத் தொகுதி இடைத்தேர்தலில், பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சர்ச்சில் தோற்ற கதையை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அதில் "பதவி விலகியதால்" என்று குத்துமதிப்பாகப் போட்டிருந்தேன். மாட்டிக்கொண்டேன்.

தேடினால் விஷயம் வேறு. அரசரின் கீழ் சம்பளப் பதவி ஏற்கும் எம்.பி. தன் இடத்தை இழப்பார், மறுபடி மக்களிடம் போய் ஜெயித்து வர வேண்டும் என்று 1707இலேயே சட்டம் இருந்திருக்கிறது. லிபரல் கட்சியின் ஆஸ்குவித் பிரதமரானதும் சர்ச்சிலை வர்த்தகத் துறைக்கு அமைச்சராக்கினார். அந்தப் பதவி உயர்வுதான் தேர்தலை இழுத்து வந்தது. இப்படி நிற்பவரை எதிர்க்கட்சி போட்டியின்றி விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் இவர் 1904இல் அந்த எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியிலிருந்து லிபரல் கட்சிக்குத் தாவியவர் ஆயிற்றே, விடுவார்களா? இந்த விதி 1919இல் தளர்ந்து 1926இல் ஒழிந்தது.

சரி, காரணம் கிடைத்தது. அடுத்து எண்கள். ஒரு மாதச் சந்தா கட்டி, ஸ்கேன் செய்த பழைய செய்தித்தாள்களைத் திறந்தேன். கணினி வாசித்துக் கொடுத்த எழுத்தில், ஜெயித்த கன்சர்வேடிவ் வேட்பாளர் ஜாய்ன்சன்-ஹிக்ஸ் 5,417, சர்ச்சில் 4,938, வித்தியாசம் 429. கழித்துப் பார்த்தால் 479 வருகிறது! அரை மணி நேரம் என் கணக்கையே சந்தேகப்பட்டேன். பிறகு மூலப் படத்தைப் பெரிதாக்கினால், மை பாதி போன ஒரு 8ஐ இயந்திரம் 3 என்று படித்திருக்கிறது. 4,988. இப்போது கணக்கு நேரானது. மூன்றாவதாக நின்ற சோசலிஸ்டு டான் இர்விங்குக்கு 276.

ஒரு ஞாயிறு முழுக்கத் திசைமாறிப் போனதையும் சொல்லிவிடுகிறேன். அரசின் மதுக்கடை மசோதாவால் மதுக்கூடங்களில் பரிமாறும் பெண்களின் வேலை போகும் என்று, பெண்கள் உரிமைக்காகப் போராடிய ஈவா கோர்-பூத் சர்ச்சிலுக்கு எதிராக இறங்கினார். அவர் அக்கா கான்ஸ்டன்ஸ் மார்க்கீவிச் நான்கு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியைத் தானே ஓட்டி வந்தார். கூட்டத்தில் ஒருவன் "சமைக்கத் தெரியுமா?" என்று கத்த, "தெரியும், உனக்கு நாலு குதிரை வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றாராம். பெண்களுக்கு ஓட்டே இல்லாத தேர்தல் அது!

சர்ச்சில் மே 9 அன்று ஸ்காட்லாந்தின் டண்டீ தொகுதியில் நின்று ஜெயித்துவிட்டார். அங்கே 655 ஓட்டோடு கடைசியில் வந்த மதுவிலக்குக்காரர் ஸ்கிரிம்ஜர், விடாமல் நின்று 1922இல் அவரைத் தோற்கடித்தது தனிக் கதை.

கட்டுரை வந்துவிட்டது. இடம் போதவில்லை என்று குதிரை வண்டிப் பத்தியை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.