டீசல் ஃபில்டரும் ஒட்டிக்கொண்ட பழைய ஓ-ரிங்கும்

மினி டிராக்டர் சும்மா நிற்கும்போது நன்றாகத்தான் ஓடியது. பின்னால் மாட்டிய உழவுக் கருவியான ரொட்டவேட்டரை மண்ணில் இறக்கியதும்தான் வினை. கொஞ்ச தூரம் போவதற்குள் இன்ஜின் திணறும், த்ராட்டிலை முழுக்க வைத்தாலும் ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) ஏறாது, அப்படியே நிறுத்தி ஒரு நிமிஷம் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி தேறிக்கொள்ளும், மறுபடி இறக்கினால் மறுபடி திணறும். கரும்புகை வந்திருந்தால் ஏர் ஃபில்டரைச் சந்தேகித்திருப்பேன். புகையே இல்லை, அதனால் டீசல்தான் போதவில்லை என்று தெரிந்தது. நின்ற இடத்தில் ஓடக் கொஞ்சம் டீசல் போதும். வேலை வாங்கும்போதுதான் அடைத்த ஃபில்டரின் குட்டு வெளிப்படும்.

எத்தனை மணி நேரம் ஓடினால் ஃபில்டரை மாற்ற வேண்டும் என்று மேனுவலில் 400 மணி, 500 மணி என ஏதாவது ஒரு கணக்கு போட்டிருப்பார்கள். நான் அந்தக் கணக்கை மறந்து ரொம்ப நாளாகியிருந்தது.

கழற்றுவதற்கு முன் ஃபில்டரைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிடுங்கள், இதில் சோம்பல் வேண்டாம். வெளியே இருக்கும் மண்ணில் ஒரு துளி, ஃபில்டர் உட்கார்ந்திருக்கும் கப்புக்குள் விழுந்தால், ஃபில்டர் மாற்றியதே வீண். அப்புறம் டேங்க் காக்கை (டீசல் வரும் வழியை அடைக்கும் திருகை) மூடி, கீழே ஒரு டப்பாவை வைத்து, பக்கத்தில் செல்ஃப் மோட்டாரோ ஆல்டர்னேட்டரோ இருந்தால் அதன் மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டு, கப்பைப் பிடித்திருக்கும் வளையத்தைத் திருகினால் கையோடு வந்துவிடும்.

கப்பில் இருந்ததை அப்படியே கீழே ஊற்றிவிடாமல் ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்துப் பாருங்கள். எனக்கு மேலே மஞ்சளாக டீசல், அடியில் விரல் பருமனுக்குத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, பாசி மாதிரி வழவழப்பாக ஏதோ மிதந்தது. டீசல் லிட்டருக்குக் கிட்டத்தட்ட 840 கிராம்தான், தண்ணீர் ஒரு கிலோ, அதனால் தண்ணீர் எப்போதும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருந்த வழவழப்பு, அந்த எல்லையில் வளரும் நுண்ணுயிர்களின் வேலை. அவற்றுக்கு வாழத் தண்ணீர், தின்ன டீசல், வேறென்ன வேண்டும்? டேங்கைப் பாதி காலியாக விட்டு வண்டியை நிறுத்தினால், இரவுக் குளிரில் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து இறங்கும். வேலை முடிந்த கையோடு டேங்கை நிரப்பி வைப்பதுதான் இதற்கு எளிய வழி. சில வண்டிகளில் கப்புக்குள் சிவப்பு வளையம் ஒன்று கிடக்கும், அது மேலே மிதந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, இப்போது என் முட்டாள்தனத்துக்கு வருகிறேன். புது ஃபில்டருடன், கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான புது ஓ-ரிங்கும் வந்தது. அதில் டீசல் தடவிக் கப்பில் வைத்து, கையாலேயே முடுக்கி, காக்கைத் திறந்து, கழற்றியதில் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பில் இருக்கும் கைப்பிடியை அடிக்க ஆரம்பித்தேன். இன்ஜெக்டருக்கு டீசலை அழுத்தி அனுப்பும் எஃப்ஐ பம்பில், காற்று வெளியேறுவதற்கான பிளீட் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று தளர்த்தியிருந்தேன், அங்கே நுரையாக வந்தது, அது சரிதான், முதலில் நுரைதான் வரும். ஆனால் கை வலிக்கும் வரை அடித்தும் நுரை நின்றபாடில்லை. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்பதால் ஃபில்டர் பக்கம் என் சந்தேகமே போகவில்லை. ஹோஸ் கிளிப்புகளை முடுக்கினேன், வாஷர்களை மாற்றினேன், அரை நாள் போனது.

கடைசியில் கப்பைத் திரும்பக் கழற்றி, கப் மாட்டும் தலைப் பகுதியின் அடியில் விரலை விட்டுத் தடவியபோது தட்டுப்பட்டது: பழைய ஓ-ரிங், காய்ந்து தட்டையாகி, தலையோடு தலையாக ஒட்டிக்கொண்டு! கறுப்பில் கறுப்பு, கண்ணுக்கே தெரியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ரிங் உட்கார்ந்ததில் ஒரு பக்கம் மயிரிழை சந்து. என் வண்டியில் ஃபீட் பம்ப் ஃபில்டருக்குப் பிறகு இருக்கிறது, டேங்கில் டீசல் மட்டமும் அன்று தாழ்வு, அதனால் அந்தச் சந்து வழியே டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் லீக் இருந்தால் இப்படித்தான், தடயமே இருக்காது.

பழையதை நகத்தால் உரித்து எடுத்துவிட்டு மாட்டினேன். முப்பது அடிகூட ஆகவில்லை, நுரை நின்று கம்பியாக டீசல் வந்தது. ஸ்க்ரூவை முடுக்கி செல்ஃப் அடித்தேன், இரண்டாவது முறை பிடித்துக்கொண்டது. செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், அரை நிமிஷமாவது ஆற விட்டு அடுத்தது அடியுங்கள், இல்லையென்றால் டீசலுக்காகப் போன செலவு மோட்டாருக்கும் போகும்.

அதற்கும் பிடிக்காவிட்டால் இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும் பழக்கம் உண்டு. பழைய மாடல் பம்ப் என்றால் செய்யலாம், ஆனால் கையை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். நூறு பாருக்கு மேல் (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் வரும் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும், பார்த்தால் சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, இருந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இந்த வேலையே வேண்டாம். சில வண்டிகளில் எலக்ட்ரிக் பம்ப் இருக்கும், சாவியைப் போட்டு அரை நிமிஷம் காத்திருந்தால் அதுவே காற்றை வெளியேற்றிவிடும், அந்த வண்டிக்காரர்கள் மேலே எழுதிய பாதியைப் படிக்கத் தேவையே இல்லை.

மறுநாள் ரொட்டவேட்டரை இறக்கி முழு நீளத்துக்கு ஓட்டினேன், திணறவில்லை. மணி மீட்டரில் 612. அதை மார்க்கரில் கப்பின் மேல் எழுதி வைத்திருக்கிறேன்.