அம்மாவின் விரலில் வந்தது நகச்சுத்தி இல்லை

அம்மா இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். வலது பெருவிரலில் நகத்தோரம் சிவந்து வீங்கி, விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. லயத்தில், அதாவது எங்கள் வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் நகச்சுத்தி என்றார்கள். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிவிட்டோம். வலி அடங்கவில்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியது. அக்குளில் நெறி கட்டிக் கையைத் தூக்க முடியவில்லை. கூடவே குளிர்காய்ச்சல்.

டிஸ்பென்சரியில் அண்டிபயட்டிக் கொடுத்தார்கள். அது சரிதான். பக்டீரியா ஏறினாலும் இதே மாதிரிக் கோடு விழும், அதைச் சும்மா விடக்கூடாது. ஆனால் குளிசை போட்டும் குறையவில்லை. பக்கத்துக் காம்பிரா அக்கா ஊசியைச் சுட்டுக் குத்திச் சீழை எடுத்துவிடலாம் என்று வந்தார். வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டு, ஹட்டன் பஸ்ஸில் ஏறி டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீழே இல்லை. தெளிந்த நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள், கொத்தாக. வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் வந்ததா என்று சிங்களத்தில் கேட்டார், நான் அம்மாவுக்குச் சொன்னேன். என் அக்கா மகன் ஈறெல்லாம் வெந்து, காய்ச்சலில் கிடந்தான். கஞ்சியைக் குழைத்து விரலால் ஊட்டியது அம்மாதான். கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்த விரல் அது. அந்த வெடிப்பு வழியாக, பிள்ளையின் வாய்ப்புண்ணில் இருந்த ஹெர்பிஸ் வைரஸ் இறங்கி, நிணநீர்க் குழாயோடு மேலே ஏறியிருக்கிறது என்றார். கையில் தெரிந்த கோடு அந்தக் குழாயின் அழற்சி. அக்குள் நெறியும் அதனால்தான்.

எழுதிக் கொடுத்தது அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து, 200 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து வேளை. காலை 6 மணிக்குத் தொடங்கி நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, இரவு 10 மணியோடு முடியும். வேளை தப்பக்கூடாது என்பதற்காக என் போனில் அலாரம் வைத்தேன். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்கள், இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அம்மா மலையில் நிற்கும்போது தண்ணீரே குடிக்காத ஆள், ஒதுங்க இடமில்லையே. வீட்டில் இருந்த நாட்களில் நான் போத்தலோடு பின்னால் அலைந்தேன்.

விரலை வெட்டவோ குத்தவோ கூடாது என்பதைத் தாதி அழுத்திச் சொன்னார். குத்தினால் பக்டீரியாவும் சேர்ந்துகொள்ளும், வைரஸும் பரவும். கொப்புளம் காயும்வரை விரலைத் துணியால் மூடி வைக்க வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தொடக்கூடாது, பச்சைக் குழந்தையைத் தூக்கவே கூடாது. பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் உயிராபத்து.

முதலில் காய்ச்சல் விட்டது. அப்புறம் கோடு மங்கியது. நெறி கரையத்தான் நாள் எடுத்தது. கொப்புளங்கள் பொருக்குத் தட்டி உதிர்ந்து, புதுத்தோல் வந்த பிறகே அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போனார். அதுவரை சம்பளம் இல்லை. தோட்டத்து வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

மருந்து வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், அடியோடு அழிக்காது. அது நரம்பில் ஒளிந்திருந்து மறுபடியும் கிளம்பலாம். அதே விரலில் சுறுசுறுவென்று ஊறல் எடுத்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார் டொக்டர். அவர் மருந்து எழுதிக் கொடுத்த சிட்டையை அம்மாவின் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறோம்.